கூரைக்கு மேலே எத்தனை பேர் ஏறலாம்?

வாசகர் கேள்வி:

"ஐயா, நான் திருகோணமலை நகரில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியச் செயலாளர். டித்வா புயலும் வெள்ளமும் வந்துபோன பிறகு வெருகல் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு உலர் உணவு கொண்டுபோனோம். பல வீடுகளுக்குக் கூரை இல்லை, தறப்பாள் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு அடுத்த நாள் தொடங்கி நாலு நாள் அங்கே தங்கி, 12 வீடுகளைத் திருத்திக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். 26 பேர் போகிறோம். 15 வயது தொடக்கம் 24 வரை, அதில் பத்துப் பேர் பெண்பிள்ளைகள். லெந்து காணிக்கையும் கேக் விற்ற காசுமாக 4 இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. யாருக்கும் கட்டட வேலை தெரியாது. தகரம் போடுவதா, அஸ்பெஸ்டஸ் போடுவதா? போகும் முன் என்ன பழக வேண்டும்? இன்னொன்று. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் 'வேதத்துக்கு மாத்தவா வாறீங்கள்?' என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டோம்."

பதில்:

தம்பி,

கேக் விற்றுக் காசு சேர்த்த பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பில் "முடியாது" என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாலு நாளில் 12 வீடு முடியாது. மூன்று வீடு முடியும். அந்த மூன்றும் அடுத்த மாரிக்கும் கூரையோடு நிற்கும்படி செய்யலாம். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நீங்கள் யாரும் மேசனாகவோ ஓடாவியாகவோ (தச்சராகவோ) அங்கே போகக்கூடாது. கையாளாகப் போக வேண்டும்.

கையாள் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். மேசன் திரும்பிப் பார்க்கும்முன் தாச்சியில் கலவை வந்து நிற்க வேண்டும். ஓடாவி கையை நீட்டினால் ஆணி அந்தக் கையில் இருக்க வேண்டும். ஏணியைப் பிடிப்பவன் போனைப் பார்க்கக்கூடாது. நல்ல கையாட்கள் வாய்த்த ஓடாவி மாலை நாலு மணிக்கே அன்றைய வேலையை முடித்துவிட்டு வெற்றிலை போடுவார். அந்தக் கிராமத்தில், இல்லையென்றால் பக்கத்துக் கிராமத்தில், கட்டாயம் ஒரு ஓடாவி இருப்பார். புயலுக்குப் பிறகு அவருக்கு வேலைக்குக் குறைவில்லை, கூலி கொடுக்கத்தான் ஊரில் காசில்லை. உங்கள் 4 இலட்சத்தில் முதல் செலவு அவருடைய கூலியாக இருக்கட்டும். "நாங்கள் சும்மா வேலை செய்கிறோம், நீங்களும் சும்மா செய்யுங்கள்" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அவருடைய வீட்டுக் கூரையும் போயிருக்கலாம்.

நான் இதில் ஏன் இவ்வளவு கறாராக நிற்கிறேன் என்றால், 2005இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இந்த மாவட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சுனாமிக்கு அடுத்த வருடம், நகருக்கு வடக்கே கடற்கரையோரம் ஒரு ஊரில் வெளியூர்த் தொண்டர் குழு ஒன்று கூரை போட வந்தது. மேற்பார்வை என்னுடையது. நல்ல பிள்ளைகள், பாட்டும் சிரிப்புமாக வேலை செய்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு கூரை. நானே ஏணியில் ஏறி ஒவ்வொரு தகரத்தையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. கையெழுத்தும் வைத்தேன். சில வருடங்கள் கழித்து ஒரு மாரி இரவு. புயல்கூட இல்லை, வாடையோடு வந்த ஒரு தாழமுக்கம். காலையில் ஆள் வந்து கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் பக்கத்து வளவில், பனைக்கு அடியில், கூரை கவிழ்ந்து கிடக்கிறது. முழுசாக. ஒரு தகரம் கழரவில்லை, ஓர் ஆணி பிடுங்கவில்லை. தகரமும் சலாகையும் (தகரம் அடிக்கும் குறுக்குச் சட்டம்) கைமரமும் (முகட்டிலிருந்து சரிந்து வரும் மரம்) சுவர் வளையும் (சுவரின் மேல் கிடக்கும் மரம்) ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடி, பானையிலிருந்து தூக்கி எறிந்த மூடி மாதிரி. வீட்டுச் சுவரின் மேல்விளிம்பில் வளை இருந்த இடத்தில் சீமெந்துத் தடம் மட்டும் இருந்தது. வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து, "நல்லாத்தான் அடிச்சிருக்கிறீங்கள், தம்பி" என்றார். அது கிண்டலா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிழை என்னுடையது. நான் மேலே இழுத்துப் பார்த்தேனே தவிர, சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையைக் குனிந்து பார்க்கவில்லை.

காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை, தூக்கிக்கொண்டு போகிறது. கூரைக்கு மேலால் காற்று வேகமாக ஓடும்போது மேலே அமுக்கம் குறைகிறது, கூரை மேல்நோக்கி இழுபடுகிறது. அதே நேரம் ஒரு ஜன்னல் உடைந்தோ கதவு திறந்தோ காற்று உள்ளே புகுந்தால் அது உள்ளிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் பாரமான கூரையும் எழும்பும். தகரம் சலாகையைப் பிடித்திருக்க வேண்டும், சலாகை கைமரத்தை, கைமரம் சுவர் வளையை, வளை சுவரை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் அதற்கு மேலுள்ளது எல்லாம் பறக்கும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது கடைசிக் கண்ணி. வளையைச் சுவரில் சும்மா வைத்து, பக்கத்தில் கொஞ்சம் கலவை அப்பி விடுவார்கள். பாரம் கீழ்நோக்கித்தானே என்ற எண்ணம். சாதாரண நாளில் அது சரி.

ஆகவே ஓடாவியிடமும் மேசனிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வளையைச் சுவரோடு எப்படிக் கட்டப்போகிறீர்கள்?" என்பதுதான். சுவரின் மேலே கொங்கிறீற் பீம் சுற்றிவர இருந்து, அதில் கம்பி விட்டிருந்தால் அதிர்ஷ்டம், அந்தக் கம்பியை வளைக்கு மேலால் மடித்து இறுக்கலாம். வெறும் கல்லுச் சுவரென்றால், மேலிருந்து மூன்று வரி கல்லுக்குக் கீழே துளை போட்டு, 6 மில்லிமீற்றர் கம்பியை அதனூடாக எடுத்து, இரண்டு பக்கத்தாலும் மேலே கொண்டுவந்து வளையின் மேல் முறுக்க வேண்டும். கம்பி பிடித்திருப்பது ஒரு கல்லை என்றால் அந்த ஒரு கல்லும் கூரையோடு போகும். மூன்று வரியைப் பிடித்திருந்தால் அந்தச் சுவரின் பாரமே நங்கூரம். நாலு மூலையிலும் கட்டாயம் வேண்டும், இடையில் மூன்று நாலு அடிக்கு ஒன்று. கைமரம் வளையில் உட்காரும் இடத்தில் ஆணி மட்டும் போதாது. நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புப் பட்டியை மேலால் போட்டு இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். பட்டி கிடைக்காவிட்டால் தடித்த நாகக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கலாம். இதெல்லாம் சில ஆயிரம் ரூபாய் வேலை. தகரத்துக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

இங்கேதான் உங்கள் நாட்கணக்கு மாறுகிறது. துளையை அடைக்கும் கலவை இறுக நாள் வேண்டும். திங்கள் கலவை வைத்து செவ்வாய் கம்பியை முறுக்கினால் கலவை உதிர்ந்துவிடும். ஆகவே மேசன் உங்களுக்கு ஒரு கிழமை முன்னே அந்த மூன்று வீட்டுக்கும் போய்ச் சுவர் வேலையை முடித்திருக்க வேண்டும். உங்களில் இருபது வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேர் அவரோடு போய் நின்று தண்ணீர் ஊற்றிக் கலவையை ஈரமாக வைத்திருக்கலாம். மற்ற 24 பேரும் வரும்போது கூரை வேலை நேராகத் தொடங்கும்.

சுவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாவிலாற்றுக் கட்டு உடைத்து வந்த வெள்ளமும் மகாவலியின் பெருக்கும் அந்தப் பகுதி வீடுகள் பலவற்றில் நாட்கணக்கில் நின்றது. (மாவிலாறு என்றாலே எங்கள் வயதுக்காரருக்கு 2006 நினைவுக்கு வரும். அப்போது போரில் அணைக் கதவை மூடியதால் சனம் பெயர்ந்தது, இப்போது கட்டு உடைந்ததால்.) நீரில் ஊறிய சுவரின் அடி கரைந்திருக்கலாம், வெளிப்பூச்சு அதை மறைத்திருக்கும். சுவரின் அடியைக் கட்டையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு கழன்றிருக்கிறது. நூலில் ஒரு கல்லைக் கட்டி மேலிருந்து தொங்கவிட்டு, சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் அதில் புதுக் கூரை ஏற்றவேண்டாம். அந்த வீடு உங்களுடைய மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடாது. பிரதேச செயலகத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வேண்டிய வீடு அது.

தகரமா, அஸ்பெஸ்டஸா? தகரம். விவாதமே வேண்டாம். அஸ்பெஸ்டஸ் குளிர்ச்சி, சத்தமில்லை, சனத்துக்கு விருப்பம், எல்லாம் சரி. ஆனால் எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசுதான் வில்லங்கம். 15 வயதுப் பிள்ளை நாலு நாள் அந்தத் தூசில் நிற்கத் தேவையில்லை. பழைய வீட்டில் உடைந்த சீற் கிடக்கும், அதைத் தவிர்க்க முடியாது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு பெரியவர்கள் மட்டும் எடுக்கட்டும். உடைக்காமல், இழுக்காமல், தடித்த பொலித்தீனில் சுற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, எங்கே புதைப்பது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். காய்ந்த தூளை விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. துணி மாஸ்க் இதற்கு ஒன்றுக்கும் உதவாது.

தகரத்தில் மெல்லியது வாங்காதீர்கள். 0.47 மில்லிமீற்றர் தடிப்பு என்று கேட்டு வாங்குங்கள். ஆணியைவிட ரப்பர் வொஷர் வைத்த திருகாணி நல்லது. தகரத்தின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகும். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு அடித்தால் போதும், ஆனால் முகட்டிலும் இறப்பிலும் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) ஓரங்களிலும் ஒவ்வொரு மேட்டிலும் வேண்டும், காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். இறப்பு ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. விறாந்தைக்கு நிழல் வேண்டுமென்று வீட்டுக்காரர் கேட்பார், நியாயம்தான். விறாந்தைக் கூரையைத் தனிக் கூரையாகப் போட்டுக் கொடுங்கள். காற்று அதைக் கொண்டுபோனாலும் பெரிய கூரை தப்பும்.

சாமான்களை நகரில் வாங்கி லொறியில் ஏற்றவேண்டாம். மூதூரிலும் தோப்பூரிலும் ஹாட்வெயார் கடைகள் இருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்காகக் காத்திருந்து சீமெந்து ஏற்றிய ஆள் நான். அந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை, ஆனாலும் லொறிக் கூலி இன்னும் இருக்கிறது. அதைவிட, அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் வெள்ளம் வந்ததுதான்.

இனி 26 பேரும் என்ன செய்வது? ஒரு வீட்டுக் கூரையில் ஓடாவியோடு சேர்த்து மூன்று பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஏறுபவர் 18 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும், இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். 18க்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைக்கு அமர்த்துவதை எங்கள் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. "இது கூலி வேலை இல்லை, ஊழியம்" என்று யாராவது சொன்னால், எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லுங்கள். பெண்பிள்ளைகளை எல்லாம் சமையலுக்கு அனுப்புவதும் வேண்டாம். ஏறத் துணிவும் வயதும் உள்ள பெண்பிள்ளை ஏறட்டும். ஏணி பிடிப்பதும் அரிசி களைவதும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும்.

கீழே வேலை நிறைய உண்டு. பழைய மரத்திலிருந்து ஆணி பிடுங்குவது, நல்ல மரத்தையும் உக்கிய மரத்தையும் தரம் பிரிப்பது, சலாகைக்குக் கறையான் மருந்து பூசுவது (கையுறை போட்டுத்தான்), வீட்டைச் சுற்றி வெள்ளம் மூடிய கானைத் திறப்பது. சின்னவர்களுக்கு நான் எப்போதும் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி அதன் காந்தத்தை எடுத்து, கயிற்றில் கட்டி, வளவு மணலில் வரிவரியாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். கூரை போன வீட்டு முற்றத்தில் எவ்வளவு ஆணி புதைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். காந்தத்தில் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். வெறுங்காலோடு ஓடித்திரியும் வீட்டுப் பிள்ளைகளும் பின்னால் வந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. ஒரு நாளில் ஒரு பால்மாத் தகரம் நிரம்பும்.

கிணற்றைப் பார்த்ததும் இறைத்துச் சுத்தம் செய்யத் தோன்றும். அவசரப்படாதீர்கள். சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளை நல்ல எண்ணத்தோடு மோட்டர் வைத்து இறைத்து இறைத்து, கீழிருந்து உப்புத் தண்ணீரை இழுத்துக்கொண்டதும் உண்டு, கிணற்றுச் சுவர் உள்ளே சரிந்ததும் உண்டு. வெருகல் பக்கத்துக் கிணறுகளில் சிக்கல் வெள்ளத்தோடு கலந்த மலகூட அழுக்கு. எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எவ்வளவு குளோரின் போடவேண்டும் என்று அந்தப் பகுதிப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுவார். அவர் சொல்லும்வரை கிணற்றில் கை வைக்காமல், குடிக்கிற தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை எடுக்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், சேற்றில் நிற்கப்போகிறவர்கள் நீங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடாதவர்கள் போகும் முன் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு தகரத்தைக் கழற்றும் முன்னால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: "சேதம் பதிந்து முடிந்ததா?" டித்வாவுக்குப் பிறகு சேதமான வீடுகளுக்கு அரசாங்கம் இழப்பீடு அறிவித்தது. கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்து, மதிப்பீடு முடிந்திருந்தால் நல்லது. முடியாத வீட்டில் நீங்கள் போய்ப் பளபளவென்று கூரை போட்டுவிட்டால், பிறகு வருகிற உத்தியோகத்தர் "வீடு நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவார். நீங்கள் செய்த உதவி அந்தக் குடும்பத்துக்கு இழப்பாகிவிடும். நான் உத்தியோகத்தில் இருந்தபோது இப்படி வந்த முறைப்பாடுகளைக் கேட்டிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதத்தோடு கொடுத்து, அவர் சரி என்ற பிறகு கை வையுங்கள். எந்த மூன்று வீடு என்பதையும் நீங்கள் தெரிவுசெய்ய வேண்டாம். கிராம அபிவிருத்திச் சங்கம் சொல்லட்டும். ஆண் துணை இல்லாத வீடு, வயோதிபர் தனியாக இருக்கும் வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். மற்ற ஒன்பது வீட்டுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தால், நேரில் போய் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மாரி வரும்வரை காத்திருக்க வைப்பது பாவம்.

இனி, மதம் மாற்றவா வருகிறீர்கள் என்ற அந்தப் பெரியவருடைய கேள்வி. அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை, உங்களுக்கும் வரக்கூடாது. நிவாரணத்தோடு துண்டுப் பிரசுரமும் வந்த அனுபவம் கிழக்கு மாகாணத்துச் சனத்துக்கு உண்டு. அவர் உங்களைக் கேட்கவில்லை, முன்பு வந்தவர்களைக் கேட்டார். சிரிப்பு அதற்குப் பதிலாகாது. திரும்பிப் போய், "இல்லை ஐயா, கூரை போட மட்டும்தான் வாறம்" என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அதோடு, கோயில் நிர்வாகத்தையும் போய்க் கண்டு, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறோம் என்று சொல்லி வையுங்கள். வெருகல் முருகன் கோயிலைச் சுற்றி வாழ்கிற சனம் அது. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் தங்கக் கிடைத்தால் அந்த நாலு நாளும் மச்சம் மாமிசம் சமைக்காதீர்கள். செபத்தை நீங்கள் தங்கும் இடத்தில் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் தலையில் கை வைத்துச் செபிப்பது, வசனம் அச்சடித்த ரீ-சேட், புதுக் கூரையில் சபையின் பெயர், ஒன்றும் வேண்டாம். உங்கள் போதகர் ஐயா இதற்கு வருத்தப்படமாட்டார் என்று நினைக்கிறேன். வருத்தப்பட்டால், இடதுகை அறியாமல் வலதுகை கொடுப்பதைப் பற்றி அவர் செய்த பிரசங்கத்தையே அவருக்கு நினைவூட்டுங்கள்.

படம் எடுப்பதிலும் அதே கணக்குத்தான். கூரையை எடுங்கள், மூலையில் முறுக்கிய கம்பியை எடுங்கள். குடும்பத்தைப் பதாகைக்கு முன்னால் நிறுத்தி எடுக்காதீர்கள். பெடியனுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் படம் காட்டப்படும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அப்புறம், அந்த வீட்டார் தேத்தண்ணீர் தருவார்கள், மத்தியானத்துக்குச் சோறும் தரப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று மறுக்காதீர்கள். முதல் நாளே அரிசியும் பருப்பும் மரக்கறியும் கொண்டுபோய் அவர்களுடைய அடுப்பில் சேர்த்துச் சமையுங்கள், அவர்கள் சமைக்கும் விதத்தில்.

நாள் குறித்ததிலும் ஒரு பிழை இருக்கிறது. ஈஸ்டருக்கு அடுத்த கிழமை என்றால் சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய கிழமை. வீட்டைக் கழுவி, புதுச் சட்டை வாங்கி, பலகாரம் சுடுகிற நேரம். ஓடாவியும் தன் வீட்டில் நிற்கப் பார்ப்பார், வருடம் பிறந்தால் நல்ல நேரம் பார்த்துக் கைவிசேடம் வாங்கித்தான் ஆயுதத்தைத் தொடுவார். 14 ஆம் திகதி கழிந்து ஒரு கிழமை விட்டுப் போங்கள். மேசன் முன்னால் போவதற்கும் அந்த இடைவெளி உதவும். சித்திரை வெயிலில் தகரம் அடுப்புத் தட்டு மாதிரிக் கொதிக்கும். காலை ஆறு மணிக்கு ஏறி, பத்தரைக்கு இறங்கிவிடுங்கள், மூன்றரைக்குப் பிறகு மறுபடி ஏறலாம். காற்று எழும்பினால் தகரத்தைத் தூக்கவே கூடாது. ஒரு தகரத்தோடு பிடித்தவனையும் சேர்த்துக் காற்று தள்ளிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கை கிழிந்ததோடு போயிற்று.

விழுந்து கிடக்கும் மரத்தையும் தகரத்தையும் கையால் புரட்டும் முன் தடியால் தட்டுங்கள். புடையன் பாம்புக்குப் பிடித்த இடம் அது. மண்ணிலிருந்து தெரியாத இரும்பு ஏதாவது வெளிவந்து கிடந்தால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். போர் நடந்த மண், வெள்ளம் எதைப் புரட்டிக் கொண்டுவந்ததோ தெரியாது. பொலிசுக்குச் சொல்லுங்கள். மெயின் சுவிட்ச் நிறுத்தாமல் எந்த வீட்டுக் கூரையிலும் ஏறக்கூடாது. கூரையோடு உரசிப்போகும் மின்கம்பி இருந்தால் அதற்கு மின்சார விநியோக ஆட்கள்தான். அம்புலன்ஸ் இலக்கம் 1990, எல்லாப் போனிலும் இருக்கட்டும்.

பழக்கம் எங்கே எடுப்பது என்று கேட்டீர்கள். தூரத்துக்குப் போகவேண்டாம். உங்கள் சபையில் யாராவது ஒரு பிள்ளையின் அப்பா மேசனாக இருக்கலாம். அவருக்கு லீவு இல்லாவிட்டாலும் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருக்கும். சபை வளவில் ஒரு கொட்டில் போட வையுங்கள். நாலு கம்பம், இரண்டு கைமரம், நாலு தகரம். கம்பி முறுக்கவும், ஏணி பிடிக்கவும், தகரத்தைக் கையுறையோடு இரண்டு பேர் சேர்ந்து தூக்கவும் அதிலே பழகலாம். பழகி முடிந்ததும் யாராவது இரண்டு பேர் உள்ளே நின்று கூரையை மேலே தள்ளிப் பார்க்கட்டும். எங்கே முதலில் கழர்கிறது என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும்.

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பரில் வந்தது, 2000 டிசம்பர் 26இல் வந்தது, 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிப் பக்கத்தால் ஏறியது. நீங்கள் போடும் கூரைக்கு அடுத்த கார்த்திகை மார்கழியில் வேலை இருக்கும். அதனால் வைகாசி, ஆனியில் இரண்டு பேர் ஒரு நாள் போய், திருகாணி தளர்ந்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். புரட்டாதியில் மறுபடி ஒருக்கால். பஸ் காசுதான் செலவு.

மேசன் முதல் வீட்டில் கம்பி விட்டு முடித்ததும் உள்ளே நின்று ஒரு மூலையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தகரத்தின் படம் வேண்டாம். வளையும் சுவரும் சேரும் இடம் தெரிய வேண்டும், வெளிச்சம் போதாவிட்டால் டோர்ச் அடித்து எடுங்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் போடுகிறேன்.